நாலடி உயரத்தில் கண்

அந்தக் குடைத் தொழிற்சாலைக்கு விதிப்புத்தகம் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்கு மறந்து போயிருந்தது. வேலைக்குச் சேருகிற அன்று நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கையில் திணித்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குவார்கள். அதோடு சரி. சில வீடுகளில் அது ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தது, சில வீடுகளில் சூடான பாத்திரத்துக்கு அடியில் போனது. நூற்று முப்பத்தாறு விதிகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்த தொழிலாளி, ஆறு வருடத்தில் ஒரே ஒருத்திதான். அவளும் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. சண்டை போடுவதற்காகப் படித்தாள்.

அவளுக்குத் துணி வெட்டும் பகுதியில் வேலை. ஒரு குடைக்கு எட்டு முக்கோணத் துண்டுகள் வேண்டும், எட்டும் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும். அதனால் அவள் கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். தொழிற்சங்கத்தின் செயலாளரும் அவள்தான். யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று ஆரம்பிப்பதால் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

சண்டை நாற்காலிக்காக. செக்கிங் பகுதியில் நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். தைத்து முடித்த குடையை விரித்து, வரிசையாக இருக்கும் தண்ணீர்க் குழாய்களுக்குக் கீழே கொக்கியில் மாட்டி, உள்ளே ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்பது மணி நேரமும் நின்றுகொண்டே. ஒவ்வொரு குடைக்கும் ஒரு தரம் குனிந்து, தலையை உள்ளே விட்டு, ஒரு பார்வை பார்த்து, நிமிர வேண்டும். வக்கீலின் அண்ணியும் அந்த நாற்பது பேரில் ஒருத்தி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அண்ணியின் கால் செருப்பை விட்டு வெளியே வர அடம்பிடிக்கும்.

அண்ணன் பஸ் டிரைவர். "நாள் பூரா உக்காந்து உக்காந்து என் இடுப்பே போச்சு" என்று அவன் ஒரு பக்கம் புலம்புவான்.

"நாள் பூரா நின்னு நின்னு என் காலே போச்சு" என்று அண்ணி மறுபக்கம் புலம்புவாள்.

"ஒரு நாள் ரெண்டு பேரும் வேலைய மாத்திக்குங்களேன்" என்பாள் வக்கீல்.

"மாத்திக்கலாம், பஸ்ஸ கொண்டு போய் உங்க கம்பெனி கேட்டுல மோதிட்டு வருவா" என்பான் அண்ணன். இந்த உரையாடல் அந்த வீட்டில் தினமும் நடக்கும், தினமும் மூன்று பேரும் சிரிப்பார்கள். ஆனால் அண்ணி வெந்நீர் வாளிக்குள் காலை விடும்போது முகம் சுளிப்பதை வக்கீல் தினமும் பார்த்தாள். அதற்கு அவளால் சிரிக்க முடிந்ததில்லை.

சங்கம் நாற்காலி கேட்டது. "நாற்காலி போட்டா தூங்குவாங்க" என்றார் மேனேஜர். தன்னுடைய சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் அரை வட்டம் சுழன்றபடியே சொன்னார்.

வேலைநிறுத்தம் செய்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, கடைக்காரர்கள் சரக்கு கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வக்கீல் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். கையில் நீலப் புத்தகம்.

"நாம வேலைய நிறுத்தவே வேண்டாம். இதுல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே செய்வோம். ஒரு எழுத்துகூட விடாம. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்த பிறகு கூட்டத்தில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

முதல் நாள், நடைபாதை பற்றிய விதிகள். இருநூறு பேர் இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, இயல்பான வேகத்தில் நடந்து வந்ததில், கடைசி ஆள் மெஷினுக்குப் போய்ச் சேரும்போது தேநீர் இடைவேளை மணி அடித்துவிட்டது. இரண்டாம் நாள், கருவிகள். ஒவ்வொரு ஊசியும் கையெழுத்துப் போட்டு வாங்கப்பட்டது, ஒவ்வொரு ஊசியும் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரப்பட்டது. நாலாம் நாள், வெட்டுவதற்கு முன் துணியை மூன்று தரம் அளக்க வேண்டும் என்ற விதி. வக்கீல் மூன்று தரம் அளந்தாள். மூன்றாவது அளவு முதல் அளவோடு ஒரு நூல் ஒத்துவராததால், விதிப்படி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் குடை வந்த இடத்தில் எண்பது வந்தது. மேனேஜருக்குத் தலையில் இருந்த கொஞ்சநஞ்ச முடியும் ஆபத்தில் இருந்தது.

இதற்கெல்லாம் பலம் கொடுத்தது ஏழாவது விதி. எந்த விதியாவது புரியாவிட்டால் தொழிலாளி எழுத்தில் விளக்கம் கேட்கலாம். பணியாளர் அலுவலர் அன்றைக்கே எழுத்தில் பதில் தந்து, நேரில் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். பதில் கைக்கு வரும்வரை தொழிலாளி அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. கொடுத்த பதில் அந்த விதியோடு சேர்ந்த விதியாகவே ஆகிவிடும். ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி என்று சங்கம் முடிவு செய்தது. எழுதுகிற பொறுப்பு, சொல்லவே வேண்டாம், வக்கீலுக்கு.

பணியாளர் அலுவலரை எல்லாரும் 'ரூல்தடி' என்பார்கள். ஆள் நெடுநெடுவென்று ஒல்லி, முதுகு வளையாது, சட்டைப் பையில் இரண்டு பேனாவும் ஒரு சின்ன ஸ்கேலும் இருக்கும். விதிப்புத்தகத்தை எழுதியவன் அவன்தான். கேள்விகளால் அவனை ஒரே வாரத்தில் அழ வைத்துவிடலாம் என்று வக்கீல் கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு முதல் நாளே தப்பியது.

நடைபாதையில் 'இயல்பான வேகம்' என்றால் எவ்வளவு என்று அவள் கேட்டிருந்தாள். அவன் பதிலோடு வெட்டுமேசைக்கு வந்து நின்றான். எழுத்து அச்சடித்தாற்போல் இருந்தது.

'நிமிடத்துக்கு எண்பது காலடி. இன்று தேநீர் இடைவேளையில் நானே நடந்து எண்ணிப் பார்த்தேன். செயலாளர் நடப்பது நூற்றுப் பத்து. தயவுசெய்து குறைத்துக்கொள்ளவும். படிக்கட்டுத் திருப்பத்தில் தரை ஈரமாக இருக்கிறது.'

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரணி ஆள் முன்னால் சிரிக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கையெழுத்து எங்க போடணும் சார்?"

"இங்க." அவன் காட்டினான். போகாமல் நின்றான். "பதினாலாம் விதில ஒரு வாக்கியம் முடியவே இல்லன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா, முடியல."

"ஆறு வருஷமா எனக்குத் தெரியும். யாராவது சொல்வாங்கன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றான். அவன் முகம் மலர்ந்திருந்தது. அழ வைக்க நினைத்தவனை இப்படிச் சந்தோஷப்படுத்தி விட்டோமே என்று வக்கீலுக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த எரிச்சலைத் தேடினால் காணவில்லை.

அடுத்த நாள் அவள் கேட்டாள்: 'வேலை நேரத்தில் தேவையற்ற பேச்சு கூடாது என்கிறது விதி முப்பத்தொன்று. தேவையான பேச்சு எது?'

பதில் வந்தது: 'அது பேசுகிறவரைப் பொறுத்தது. எனக்கு இந்தக் கேள்வித்தாள்கள் தேவையாகிவிட்டன.'

அதை அவள் மூன்று தரம் படித்தாள். வெட்டுவதற்கு முன்பு துணியை அளக்கிற மாதிரி, விதிப்படி.

அண்ணிக்குக் கண் நல்ல கூர்மை. ஒழுகுகிற தையலைக் கண்டுபிடித்தே பழகிய கண். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் பாத்திரம் துலக்கும்போது மெதுவாகக் கொக்கி போட்டாள்.

"ஒரு நாளைக்குப் பத்து கேள்விதானேடி முடிவு பண்ணினோம்?"

"ஆமா அண்ணி."

"நேத்து நீ பதினாறு கேட்டிருக்கே. அந்த ஆறு யாருக்காம்?"

"சங்கத்துக்குத்தான்."

"சங்கம் கொடுத்து வெச்சது" என்றாள் அண்ணி. வக்கீல் துலக்கிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி துலக்கினாள்.

இது இப்படியே போயிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனால் புதன்கிழமை நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை முதலாளியம்மா நேரில் வருகிறார். அன்றைக்குள் சங்கம் நாற்காலிப் பேச்சை விடாவிட்டால் செக்கிங் பகுதியையே மூடி, அந்த வேலையை வெளியே கொடுத்துவிடுவார்கள். நாற்பது பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தாளைப் படித்துவிட்டு அண்ணி குழாயடிக்குப் போய் நின்றாள். அன்று முழுக்க அவள் ஒரு கேலிகூடப் பேசவில்லை.

வியாழனுக்கு ஒன்பதாவது அத்தியாயம், செக்கிங் பற்றியது. புதன் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே வக்கீல் அதைப் படித்தாள். நூற்றுப் பன்னிரண்டாவது விதியில் வந்து நின்றாள்.

'விரித்த குடையைத் தண்ணீருக்கு அடியில் இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் சோதிப்பவரின் கண், தரையிலிருந்து நாலடி உயரத்தில், அசையாமல், உட்புறத் தையலைப் பார்க்க வேண்டும்.'

நாலடி? அவள் கழுத்து டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணியைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள். "எதுக்குடி, எனக்குச் சட்டையா தைக்கப் போறே?" என்று கேட்டபடியே அண்ணி நின்றாள். தரையிலிருந்து கண் வரைக்கும் நாலே முக்கால் அடி. "இப்ப நாற்காலில உக்காருங்க." அண்ணி உட்கார்ந்தாள். அளந்தாள். நாலடிக்கு ஒரு விரல்கடை குறைவு.

வக்கீலுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த விதி நிற்கிற மனுஷிக்கு எழுதியதில்லை. உட்கார்ந்திருக்கிறவளுக்கு எழுதியது. நாற்காலி என்ற சொல்லே இல்லாமல் நாற்பது நாற்காலியை யாரோ அந்தப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவன்தான். நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அவன் பதில் எழுதுவான், பதில் விதியாகிவிடும், நாற்காலி வந்தாக வேண்டும்.

அடுத்த நொடியே சிலிர்ப்பு அடங்கியது. மேனேஜருக்குத் தெரியாமல் இதை ஒளித்து வைத்தவன் என்று வெளியே தெரிந்தால், அவனை அந்தக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் விட்டு வைப்பார்களா?

"என்னடி, அளந்துட்டு அப்படியே நிக்கிறே?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி." வாழ்க்கையில் அவள் அண்ணியிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது.

வியாழக்கிழமை அவள் பத்துக் கேள்வி கொடுத்தாள். நூற்றுப் பத்து இருந்தது, நூற்றுப் பதினொன்று இருந்தது, நூற்றுப் பதின்மூன்று இருந்தது. மத்தியானம் அவன் பதில்களோடு வந்தான். கையெழுத்து வாங்கினான். தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"நூத்திப் பன்னெண்டு இல்லையே."

"கண்ணுல படல சார்."

"உங்க கண்ணுல படாமலா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் இங்க சேந்தப்போ, எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பகுதிலயும் ஒரு வாரம் வேலை செஞ்சு பாத்தேன். செக்கிங்ல அஞ்சாவது நாள் என்னால படி ஏற முடியல. முதல்ல நாற்காலின்னுதான் எழுதினேன். மேனேஜர் சிவப்பு மையால அடிச்சுட்டாரு. அதனால உயரத்தை மட்டும் எழுதினேன். படிக்காமயே கையெழுத்துப் போட்டாரு. அன்னிலேருந்து யாராவது கேப்பாங்கன்னு காத்திருக்கேன்."

"கேட்டா உங்க வேலை போயிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கச் சொல்றீங்க?" அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கத்திரிக்கோலை மேசையில் டொக்கென்று வைத்தாள். "நாங்க ஜெயிக்கறதுக்கு உங்களை வெளிய அனுப்பற தாள்ல என் கையெழுத்து இருக்கணுமா? என்னால முடியாது சார். ஏன் முடியாதுன்னு கேக்காதீங்க."

அவன் கேட்கவில்லை. தன் ஸ்கேலை எடுத்துப் பார்த்து மறுபடி பையில் செருகினான். "அந்தப் புத்தகத்தைப் படிச்ச ஒரே ஆள் நீங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனால சொல்றேன், எனக்காக நீங்க அந்தக் கேள்விய விட்டுட்டா, அப்புறம் நீங்க என் முகத்தைப் பாக்கும்போதெல்லாம் உங்க அண்ணி காலுதான் ஞாபகம் வரும்" என்றான். சொல்லிவிட்டு இடது ஓரமாக நடந்து போனான். நிமிடத்துக்கு எண்பது காலடிதான் போனான், ஆனாலும் அவன் போனது அவளுக்கு ரொம்ப வேகமாகத் தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் எல்லாவற்றையும் அண்ணியிடம் கொட்டிவிட்டாள். நாலடி, நாற்காலி, சிவப்பு மை, எல்லாம். "எனக்கு அந்த ஆளைப் புடிச்சுப் போச்சு அண்ணி" என்று முடித்தாள். அழுகையும் வந்தது.

அண்ணி வாளியிலிருந்து காலை எடுத்தாள். முகம் ஒரு நிமிடம் இறுகியிருந்தது. "நேத்தே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் நான் இன்னிக்குப் பூரா நின்னேன்."

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து அறையிலிருந்து அண்ணன், "என்ன, ரெண்டு பேரும் சத்தத்தையே காணோம்?" என்று எட்டிப் பார்த்துவிட்டு, நிலவரம் சரியில்லை என்று தெரிந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அண்ணிக்கு நெடுநேரம் கோபம் தாங்காது. துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "நீ பெரிய செயலாளர்னு பேரு. நாற்பது பேர் வேலைக்காக முதலாளிகிட்ட சண்டை போடத் தெரியுது. ஒரு ஆள் வேலைக்காகச் சண்டை போடத் தெரியலையாக்கும்?"

"அவர் அலுவலர் அண்ணி. சங்கத்துல இல்ல."

"அதனால என்ன? எங்க காலை நெனச்சுப் பாத்து எழுதின ஒரே ஆளு. கேள்வியக் கேளு. நாற்காலியோட சேத்து அவன் வேலையையும் கேளு. முப்பத்தொன்பது பேர்கிட்டயும் நான் பேசறேன்" என்றாள் அண்ணி. பிறகு, "மூக்கைத் துடை. வக்கீல் அழுதா கேஸ் தோத்துடும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளியம்மா வந்தார். அறுபதைத் தாண்டியவர், சரசரவென்ற நடை. நேரே செக்கிங் பகுதிக்கே வந்தார். பின்னால் மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார், அவருக்குப் பின்னால் ரூல்தடி.

"இந்தக் குழாயடில நானும் ஒரு காலத்துல நின்னிருக்கேன். நின்னுதான் இந்தக் கம்பெனிய வளத்தேன்" என்று முதலாளியம்மா ஆரம்பித்தார். "இப்ப மட்டும் எதுக்கு நாற்காலி?"

வக்கீல் முன்னால் வந்தாள். கையிலிருந்த தாளை முதலாளியம்மாவிடம் நீட்டவில்லை, அவருக்குப் பின்னால் நின்றவனிடம் நீட்டினாள். "ஏழாம் விதிப்படி ஒரு கேள்வி சார். நூத்திப் பன்னெண்டு. நாலடி உயரத்துல கண்ணு எப்படி இருக்கும்?"

"அதுக்கெல்லாம் இப்ப பதில் சொல்ல வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"அன்னைக்கே சொல்லணும்னு விதி சார்" என்றான் அவன். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். மடிப்புகள் பழுத்துப் போயிருந்தன, ஆறு வருடத்துத் தாள். படித்தான்: "சோதிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்."

கொக்கியில் குடை மாட்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் வேண்டாம். குனிஞ்சு பாத்தாலும் நாலடிதானே? நான் செஞ்சு காட்டறேன்" என்றார் முதலாளியம்மா. பிடிவாதக்காரர். வக்கீல் டேப்பால் தூணில் நாலடி அளந்து சாக்பீஸால் கோடு போட்டாள். முதலாளியம்மா முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து, கண்ணைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்தார். அண்ணி குடையை மாட்டினாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான் ரூல்தடி.

முதல் குடை முடிந்தது. "பாத்தீங்களா?" என்றார் முதலாளியம்மா, மூச்சு வாங்கியது. இரண்டாவது குடையில் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது குடையில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"யாராவது ஒரு நாற்காலி கொண்டாங்கப்பா" என்றார்.

நாற்பது பெண்களும் சிரித்த சிரிப்பில் வெட்டுகிற பகுதி, தைக்கிற பகுதி எல்லாம் ஓடி வந்தன. அந்த மாடியில் இருந்த ஒரே நாற்காலி மேனேஜரின் சக்கர நாற்காலிதான். அண்ணியே போய் உருட்டிக்கொண்டு வந்தாள். முதலாளியம்மா மாட்டியிருந்த குடைக்கு அடியிலேயே அதில் சாய்ந்து, "அப்பாடா" என்று மேலே பார்த்தார். பார்த்த இடத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நேராக அவர் மூக்கின் மேல் விழுந்தது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியவே தெரியாத, உச்சிக்குப் பக்கத்துத் தையல்.

"இது எந்தக் குடை?"

"நேத்து நின்னுக்கிட்டே பாத்து, நல்லாருக்குன்னு பாஸ் பண்ணினதும்மா" என்றாள் அண்ணி.

முதலாளியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரர்கள் அனுப்பிய புகார்க் கடிதங்கள் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கொக்கியில் தொங்கிய அந்தக் குடையை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "இந்த விதிய எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாம்மா" என்று அவன் முன்னால் வந்தான்.

"எனக்குத் தெரியாது, என்னை ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டான்" என்றார் மேனேஜர்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்னு ரெண்டாவது விதி இருக்கே சார்" என்றாள் வக்கீல்.

"என்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாமே?" என்று முதலாளியம்மா அவனைக் கேட்டார்.

"அலுவலர் உங்ககிட்ட நேரா பேசக் கூடாதுன்னு நாலாவது விதிம்மா."

"அதை எழுதின அறிவாளி யாரு?"

"அதுவும் நான்தான்" என்று அவன் அசடு வழிந்தான். முதலாளியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வக்கீல் இரண்டாவது தாளை நீட்டினாள். விதிப்புத்தகத்தை எழுதியவர் மீது எந்த நடவடிக்கையும் கூடாது, எடுத்தால் இன்றைக்கே பத்தாவது அத்தியாயம் தொடங்கும். கீழே, காலையில் அண்ணி கேட்டிலேயே நின்று வாங்கிய இருநூறு கையெழுத்து. முதலாளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார், அவனையும் பார்த்தார். "சங்கம் எதுக்கு ஒரு ஆபீசருக்காக நிக்குது?"

வக்கீல் வாயைத் திறந்தாள். காது நுனி வரைக்கும் சிவந்ததுதான் மிச்சம்.

"எங்க வக்கீல் கேக்கற கேள்விக்கு வேற யாரும்மா உக்காந்து பதில் எழுதுவாங்க?" என்றாள் அண்ணி. முதலாளியம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அங்கேயே, அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். புது நாற்காலிகள் வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்று மேனேஜர் இழுத்தார். "அதுவரைக்கும் ஆபீஸ்ல இருக்கற நாற்காலியெல்லாம் இங்க வரட்டும். இதுவும்தான்" என்று முதலாளியம்மா சக்கர நாற்காலியின் கையைத் தட்டினார். "நீங்கள்லாம் கொஞ்ச நாள் நின்னு பாருங்க."

திங்கட்கிழமையிலிருந்து அலுவலர்கள் நின்றுகொண்டு வேலை செய்தார்கள். மேனேஜர் இரண்டாம் நாளே ஜன்னல் விளிம்பில் உட்காரப் பழகிக்கொண்டார். ரூல்தடி மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் நின்றான். செக்கிங்கில் ஆளுக்கு ஒரு விதமான நாற்காலி, ஒன்று சுழலும், ஒன்று ஆடும், ஒன்றில் மெத்தை உண்டு. சக்கர நாற்காலிக்கு மட்டும் அண்ணி தலைமையில் முறை போட்டிருந்தார்கள். குடைகள் மறுபடி ஆயிரத்தைத் தொட்டன. திங்கட்கிழமை இரவு அண்ணன், "இடுப்பே போச்சு" என்று ஆரம்பித்தபோது, "ஆமாங்க, எனக்கும் லேசா இடுப்புதான்" என்றாள் அண்ணி. அவன் அசந்துபோய்ப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். அலுவலர் சாப்பிடும் அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை. ரூல்தடி சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேண்டீன் வாசலில் நின்றான். உள்ளே தொழிலாளர்களின் நீளப் பெஞ்சுகள். உள்ளே வரலாமா கூடாதா என்று அவன் தன் புத்தகத்தை மனசுக்குள் புரட்டிக்கொண்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது.

வக்கீல் எழுந்து போனாள். போராட்டம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது, நாலு நாளாக அவள் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை. ஒரு தாளை நீட்டினாள்.

'தொழிற்சங்கச் செயலாளர், பணியாளர் அலுவலரைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு எந்த விதியாவது தடையா?'

அவன் படித்தான். பேனாவை எடுத்தான். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் தாள், எழுத இடமில்லை. பெஞ்சில் அண்ணி ஒன்றும் தெரியாதவள் போல நகர்ந்து உட்கார்ந்தாள், இரண்டு பேருக்கு இடம் வந்தது. அவன் உட்கார்ந்தான். சுற்றி இருந்த எல்லாரும் சாப்பிடுவது போல நடித்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார்கள்.

அவன் எழுதி முடித்துக் கொடுத்தான். 'நூற்று முப்பத்தாறிலும் இல்லை. எழுதியவன் நான், எனக்கே தெரியும். இருந்தாலும் போன வாரமே ஒரு தரம் முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டேன்.'

"கையெழுத்து" என்றான்.

அவள் போட்டாள். பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, தேதியும் போட்டாள். பதில் கைக்கு வந்த பிறகு வேலையை ஆரம்பித்தாக வேண்டும் என்பது விதி. அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் டப்பாவைத் திறந்து, பாதியை எடுத்து அவன் மூடியில் வைத்தாள்.